கரண்ட் போய் வந்த பிறகு

என்னிடம் ஒரு மடிக்கணினி இருந்தது. பெயர்தான் மடிக்கணினி, மடியில் வைத்தால் வேலை செய்யாது. பட்டறி செத்து இரண்டு வருடம். சுவரில் வயர் செருகியிருக்கும்வரை உயிரோடு இருக்கும், கழன்ற நொடியே திரை கறுத்துவிடும். கொழும்பில் வேலை செய்யும் மச்சான் புதிதாக ஒன்று வாங்கியபோது "எறியத்தான் இருந்தனான், நீ வைச்சிரு" என்று தந்தது. கிளிநொச்சியில் எங்கள் வீட்டு விறாந்தையில், யன்னலோரம் ஒரு பழைய மேசையில் அதை வைத்துத்தான் நான் சிஸ்டம் அட்மின் வேலைக்குப் படித்தேன். அந்தப் பட்டறி மட்டும் நல்லதாக இருந்திருந்தால் அந்த வேலைக்கான சான்றிதழ்ப் பரீட்சையில் சித்தியடைந்திருக்க மாட்டேன் என்று சொன்னால் கூட்டாளிகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

சிஸ்டம் அட்மின் என்றால் என்ன வேலை என்று அம்மாவுக்கு விளங்கப்படுத்தப் பட்ட பாடு தனிக்கதை. "கொம்பியூட்டர் திருத்துறதோ?" இல்லை. "ரைப் அடிக்கிறதோ?" அதுவும் இல்லை. கடைசியில் இரணைமடுக் குளத்தைத் துணைக்கு இழுத்தேன். அப்பாவின் வயலுக்கு வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. துருசு திறப்பவர் யார், எத்தனை மணிக்கு எழும்பிப் போகிறார் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. தண்ணீர் வராத அன்றைக்குத்தான் ஊரே அவரைத் தேடும். அலுவலகத்தில் சேர்வர், அதாவது எல்லோருக்கும் பொதுவான கணினி, பார்ப்பவனும் அப்படித்தான். யாருக்கு எந்தக் கோப்பைத் திறக்க அனுமதி, வட்டில் இடம் இருக்கிறதா, இரவு பிரதி எடுத்ததா, வெளியிலிருந்து யாரும் கதவைத் தட்டுகிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை அவனை ஒருவருக்கும் தெரியாது. அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப பிழை வந்தா மட்டும் பேச்சு வாங்கிற வேலை" என்றார். ஓம், அதேதான்.

2019 இல் உயர்தரம் எழுதிவிட்டு, பெறுபேறு வரும்வரை சும்மா இருக்கக்கூடாது என்று ஒரு தனியார் கற்கைநெறியில் சேர்ந்தேன். இடத்தின் பெயர் வேண்டாம். வாசலில் தொங்கிய பதாகையில் நெட்வேர்க்கிங், சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேசன் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். ஆறு மாதத்தில் நாலு மாதம் வேர்ட்டும் எக்செலும். மிச்ச இரண்டு மாதத்தில் உருப்படியாகக் கற்றது நெட்வேர்க் வயருக்குத் தலை அடிப்பது ஒன்றுதான். வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை மண்ணிறம், மண்ணிறம். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சேர்வர் ஒன்றைக் கண்ணால்கூடக் காட்டவில்லை. முடிவில் லமினேற் செய்த சான்றிதழ் ஒன்று தந்தார்கள். வேலை கேட்டுப் போன முதல் இடத்திலேயே அதை வாங்கி ஒருதரம் பார்த்துவிட்டு, மேசையில் மெல்ல என் பக்கமாகத் தள்ளிவிட்டார்கள்.

இதை வாசிக்கிற தம்பி தங்கைகளுக்கு இந்த இடத்திலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் அறிவியல்நகரிலேயே 2016 முதல் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. அரசு அங்கீகரிக்கும் தேசிய தொழிற்தகைமை, நாங்கள் என்விக்யூ என்று சொல்வது, மொத்தம் 7 மட்டம். அதில் தகவல் தொழில்நுட்பத்துக்கு 4 ஆம் மட்டமோ 5 ஆம் மட்டமோ எடுத்தால் நாட்டுக்குள் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. பதாகையைப் பார்த்துக் காசு கட்டுவதற்கு முன்னால் அந்தச் சான்றிதழ் என்விக்யூவா என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.

சரி, சர்வதேசச் சான்றிதழ்களுக்கு வருவோம். மச்சான் அந்தக் காலத்து எம்சிஎஸ்ஏ. 2000களின் தொடக்கத்தில் அந்த எழுத்துகளுக்கு 'மைக்ரோசொஃப்ட் சான்றிதழ் பெற்ற சிஸ்டம்ஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்றே அர்த்தம். பிறகு அதே எழுத்துகளை வைத்துக்கொண்டு பெயரை மாற்றினார்கள், 2021 ஜனவரியோடு மொத்தமாகவே நிறுத்திவிட்டார்கள். இப்போது அவர்களின் சான்றிதழ்கள் பெரும்பாலும் அஷுர் என்ற மேகக் கணினிச் சேவையைச் சுற்றியே இருக்கின்றன. சேர்வர்களில் ஓடும் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் பக்கம் இரண்டு பாதை கண்ணில் பட்டது. ஒன்று எல்பிஐசி-1. 101, 102 என்று இரண்டு பரீட்சை. ஒவ்வொன்றிலும் 90 நிமிடத்தில் 60 கேள்வி, பெரும்பாலும் விடை தெரிவு செய்வது, சிலதுக்கு நாமே எழுத வேண்டும். 800 இல் 500 எடுத்தால் சித்தி, 5 வருடம் செல்லும். மற்றது, தன் பெயரிலேயே ஒரு லினக்ஸைத் தரும் ரெட் ஹட் நிறுவனத்தின் ஆர்எச்சிஎஸ்ஏ. அதில் கேள்வித்தாளில் புள்ளடி போடுவது என்ற பேச்சே இல்லை. உயிருள்ள இயந்திரத்தை முன்னால் வைத்து, இன்ன இன்ன வேலையைச் செய் என்று 3 மணித்தியாலம் தருகிறார்கள். நீ எந்த வழியால் செய்தாய் என்று யாரும் பார்ப்பதில்லை. முடிந்தபின் இயந்திரம் எப்படி நிற்கிறது என்பதற்குத்தான் புள்ளி. 300 க்கு 210 வேண்டும். 3 வருடத்தில் காலாவதி.

எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது. காரணம் பெரிய இலட்சியம் ஒன்றுமில்லை. விடை தெரிவு செய்யும் பரீட்சைகளுக்கு 'டம்ப்' என்று பழைய கேள்விகளைக் கோப்பாக விற்பார்கள். அதைப் பாடமாக்கிச் சித்தியடைந்த ஒருவரை எனக்குத் தெரியும். வேலைக்குப் போன இரண்டாம் கிழமை, நிரம்பிவழியும் வட்டில் எந்தக் கோப்பு இடத்தைத் தின்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரியாமல் இரவு பதினொரு மணிக்கு எனக்குக் கோல் எடுத்தார். அப்போது நான் எந்தச் சான்றிதழும் இல்லாதவன். அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன்.

படிக்க வேண்டிய முறை ஒன்றும் மறைபொருள் இல்லை. ரெட் ஹட் தன் பாடத்திட்டத்தை வெளிப்படையாகப் போட்டிருக்கிறது. அதிலுள்ள ஒவ்வொரு வரியையும் கையால் செய்து பார்க்க ஒரு இயந்திரம் வேண்டும், அவ்வளவுதான். வேர்ச்சுவல் பொக்ஸ் போன்ற ஒரு மென்பொருளுக்குள், கணினிக்குள் கணினியாக, இரண்டு மெய்நிகர் இயந்திரம் ஓடவிட்டால் போதும், 8 ஜிபி நினைவகத்தில் மூச்சுவாங்கிக்கொண்டே ஓடும். அப்போதெல்லாம் ரெட் ஹட்டின் இரட்டைப் பிறவி மாதிரி, இலவசமாகக் கிடைத்தது சென்ட்ஓஎஸ். நான் சென்ட்ஓஎஸ் 8 ஐப் பதிந்து பழகத் தொடங்கிய சில மாதத்தில், 2020 டிசம்பரில், 2029 வரை வரும் என்று எல்லோரும் நம்பியிருந்த அந்தப் பதிப்பை 2021 முடிவோடு நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். அட்மின்மார் உலகம் முழுவதும் பொங்கினார்கள். அதில் பிறந்ததுதான் அல்மா லினக்ஸும் ரொக்கி லினக்ஸும். ரொக்கியின் முதல் பதிப்பு 2021 ஜூனில் வந்தது. அதன் முழுக் கோப்பு 9 ஜிபிக்கு மேல். டொங்கிளில் பகல் டேட்டாவை அதற்குக் கொடுத்தால் மாதம் முழுக்க வாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். நடுச்சாமத்துக்குப் பிறகு தொடங்கும் இரவு டேட்டாவில், சிக்னல் நன்றாக வரும் கிணற்றடிப் பக்கத்து யன்னலில் டொங்கிளைக் கட்டித் தொங்கவிட்டு, மூன்று இரவில் இறக்கினேன். இன்று படிப்பவர்களுக்கு அந்தச் சுற்று வழியும் தேவையில்லை. 2021 முதல் தனிநபர்களுக்கு 16 இயந்திரம் வரை ரெட் ஹட்டையே இலவசமாகத் தருகிறார்கள்.

அப்புறம் 2022 வந்தது.

எரிபொருள் வாங்க நாட்டில் டொலர் இல்லை. மின்வெட்டு ஒரு மணித்தியாலத்தில் தொடங்கி ஏறிக்கொண்டே போய், மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலத்தைத் தொட்டது. ஊர்களை ஆங்கில எழுத்துகளாகப் பிரித்து அட்டவணை போட்டிருந்தார்கள். எங்கள் எழுத்துக்கு எத்தனை மணிக்கு என்று பார்ப்பதுதான் விடிந்தால் முதல் வேலை. அட்டவணையும் அட்டவணைப்படி நடக்காது என்பது வேறு விடயம். சித்தப்பாவுக்கு மட்டும் இதெல்லாம் பகிடி. "உங்களுக்குத்தான் இது புதுசு. நாங்கள் சைக்கிளைக் கவிட்டுப் போட்டு, பெடலைச் சுத்தி, டைனமோவில ரேடியோ கேட்ட ஆக்கள்" என்பார். வன்னியில் மின்கம்பியே இல்லாத வருடங்களைச் சொல்கிறார். அந்த டைனமோவில் என் மடிக்கணினி ஓடாது சித்தப்பா என்றால், "நீ பெடல் சுத்திப் பாத்தனியோ?" என்று கேட்பார்.

பட்டறி செத்த மடிக்கணினிக்கு மின்வெட்டு என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். முறையாக நிறுத்துவது என்ற கதையே இல்லை. பாதி வேலையில், பாதிக் கட்டளையில், டக்கென்று கறுப்பு. இரண்டு மூன்று மணித்தியாலம் கழித்துக் கரண்ட் வந்ததும் இயக்கினால், மெய்நிகர் இயந்திரங்கள் இரண்டும் புதிதாக எழும்பும். எழும்பியபின் பார்த்தால், காலையில் நான் செய்து முடித்த வேலையில் பாதியைக் காணோம்.

முதலில் இயந்திரத்தைத் திட்டினேன். பிறகு ரொக்கியைத் திட்டினேன். ஒரு கிழமை போனபின்தான் பிழை என்னுடையது என்று விளங்கியது.

லினக்ஸில் அநேகமாக எந்த வேலையையும் இரண்டு விதமாகச் செய்யலாம். இப்போதைக்குச் செய்வது ஒன்று, நிலைக்கச் செய்வது மற்றொன்று. 'ஐபி' கட்டளையால் இயந்திரத்துக்கு நெட்வேர்க் முகவரி கொடுத்தால் உடனே வேலை செய்யும், இயந்திரம் மறுபடி எழும்பும்போது மறந்துவிடும். அதையே 'என்எம்சிஎல்ஐ' யால் இணைப்பின் அமைப்பில் எழுதினால் நிற்கும். ஒரு சேவையை 'ஸ்டார்ட்' என்றால் இன்றைக்கு மட்டும் ஓடும், 'எனேபிள்' என்றும் சொல்லியிருந்தால்தான் நாளைக்கும் தானாக எழும்பும். வெளியார் நுழையாமல் காக்கும் ஃபயர்வோலில் ஒரு கதவைத் திறக்கும்போது 'பெர்மனன்ட்' என்ற சொல்லைச் சேர்க்காவிட்டால் அடுத்த தொடக்கத்தில் கதவு பழையபடி பூட்டியிருக்கும். சேர்த்துவிட்டு 'ரீலோட்' செய்ய மறந்தால், நாளைக்குத் திறந்திருக்கும் கதவு இன்றைக்குப் பூட்டியிருக்கும். இந்த இரண்டாவது வகைக் குழப்பத்தில் நான் இழந்த மணித்தியாலங்களுக்குக் கணக்கில்லை. வட்டுப் பகுதியைக் கையால் இணைத்தால் இப்போது தெரியும். 'எஃப்எஸ்டாப்' என்ற கோப்பில் ஆறு பகுதியுள்ள ஒரு வரியாக எழுதினால்தான் எப்போதும் தெரியும்.

அப்பா வயலில் செய்வதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அவசரத்துக்கு மண்வெட்டியால் நாலு வெட்டு வெட்டிப் போட்டு வாய்க்காலை மறிப்பார். அன்றைய தண்ணீர் வயலுக்குள் பாயும். அடுத்த முறை தண்ணீர் வரும்போது அந்த மண் கரைந்து போயிருக்கும். நிரந்தரமாகத் திருப்ப வேண்டிய இடத்தில் கல் வைத்துக் கட்டுவார். இரண்டுமே மறிப்புத்தான், அன்றைக்கு நின்று பார்ப்பவனுக்கு வித்தியாசம் தெரியாது. நான் மாதக்கணக்கில் மண்ணை வெட்டிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். பரீட்சையோ கல்லைத்தான் தேடுகிறது. எல்லா அமைப்பும் மறுதொடக்கத்துக்குப் பிறகும் தானாக நிற்க வேண்டும் என்று பாடத்திட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அந்த வரியை நான் பலதரம் வாசித்திருந்தேன். வாசித்தது வேறு, காலையில் செய்ததை மத்தியானம் காணாமல் தேடியது வேறு.

அதற்குப் பிறகு மின்வெட்டு அட்டவணையைப் பரீட்சை அட்டவணையாக்கிக்கொண்டேன். இரண்டு மணிக்குக் கரண்ட் போகும் என்றால் காலையில் பத்து வேலை எழுதிவைத்துச் செய்வேன். போய் வந்தபின் எது நிற்கிறது, எது கரைந்தது என்று பார்த்துக் கொப்பியில் புள்ளி போடுவேன். முதல் நாள் பத்துக்கு மூன்று. கறுத்துப்போகும் நேரம் சரியாகத் தெரியாததால் 'கடைசியில் சரிபார்ப்போம்' என்று ஒத்திப்போடவும் முடியாது.

பாடத்திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி எல்விஎம். வட்டுகளை நேரடியாகப் பங்கு போடாமல், எல்லாவற்றையும் ஒரு பொதுத் தொகுதியாக்கி, அதிலிருந்து வேண்டிய அளவு வெட்டி எடுக்கும் முறை. மூன்று பேரின் துண்டுக் காணிகளை ஒன்றாக்கி, பழைய வரம்புகளை அழித்துவிட்டு, தேவைப்படும் இடத்தில் புது வரம்பு கட்டுவது மாதிரி. ஒரு வயல் போதாவிட்டால் வரம்பைத் தள்ளிக் கட்டலாம். ஆனால் அதற்குள் கோப்புகளை அடுக்கி வைக்கும் கோப்பு அமைப்பு எக்ஸ்எஃப்எஸ் வகை என்றால் வெளியேதான் தள்ளலாம், உள்ளே இழுக்க முடியாது. அது வளரும், சுருங்காது. இதை அப்பாவிடம் சொன்னபோது, "எங்கட பக்கத்து வளவுக்காரனும் உப்பிடித்தான்" என்றார்.

இன்னொன்று, கடவுச்சொல் தெரியாத இயந்திரத்துக்குள் நுழைவது. இதுவும் பாடத்திட்டத்தில் இருக்கிறது, களவு வேலை இல்லை. இயந்திரம் எழும்பும்போதே இடைமறித்து உள்ளே போய்ப் புதுக் கடவுச்சொல் வைக்க வேண்டும். திறப்பைத் தொலைத்துவிட்டு, கூரையில் இரண்டு ஓட்டைக் கழற்றி உள்ளே இறங்குவது போலத்தான். இறங்கி, கதவைத் திறந்து, புதுப் பூட்டுப் போட்டாயிற்று என்று சந்தோசப்படுகிறவன் கழற்றிய ஓட்டைத் திரும்பப் போட மறந்துவிடுவான். இங்கே அந்த ஓடு எஸ்ஈலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு. அது ஒவ்வொரு கோப்புக்கும் ஒட்டிவைத்திருக்கும் சீட்டு, இந்தச் சுற்று வழியில் கடவுச்சொல்லை மாற்றும்போது குழம்பிவிடும். கோப்பு மரத்தின் வேரடியில், முன்னால் ஒரு புள்ளி வைத்து 'ஓட்டோரீலேபல்' என்ற பெயரில் ஒரு வெற்றுக் கோப்பை வைத்துவிட்டு வந்தால், அடுத்த தொடக்கத்தில் எல்லாச் சீட்டையும் அதுவே திரும்ப ஒட்டிக்கொள்ளும். வைக்காவிட்டால் புதுக் கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்ளே விடாது. எஸ்ஈலினக்ஸைக் கண்டால் பலர் முதலில் அதை நிறுத்திவிடுவார்கள். வலையில் கிடைக்கும் பாதி அறிவுரையும் அதுதான். பரீட்சையில் அந்தச் சுகம் கிடையாது, வேலையிலும் இருக்கக்கூடாது என்பது என் எண்ணம்.

ஆங்கிலம் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். பரீட்சை தமிழில் இல்லை. ஆனால் கட்டுரை எழுதச் சொல்வதில்லை, வேலையை விளங்கிக்கொண்டால் போதும். பரீட்சையில் இணையம் இல்லை, கொப்பி இல்லை, போன் வெளியே. ஆனால் இயந்திரத்துக்குள்ளேயே இருக்கும் 'மேன்' பக்கங்களை, அதாவது கட்டளைகளின் கையேட்டை, பார்க்கலாம். இது எவ்வளவு பெரிய உதவி என்று பலருக்குத் தெரியாது. கட்டளைகளைப் பாடமாக்குவதை விட்டுவிட்டு மேன் பக்கம் வாசிக்கப் பழகினேன். அவை எழுதப்பட்டிருக்கும் ஆங்கிலம் வரண்ட ஆங்கிலம், முதலில் தொண்டையில் சிக்கும். எனக்கு ஒரு குறுக்குவழி அகப்பட்டது: அநேகமான பக்கங்களில் கடைசியில்தான் உதாரணங்கள் இருக்கும். கடைசிக்குப் போய் உதாரணத்தைப் பார்த்துவிட்டு மேலே ஏறி வந்தால் ஆங்கிலம் தானாக விளங்கும். இணையம் ஒழுங்காக வராத வீட்டில் படித்ததால், பிரச்சினை வந்தால் முதலில் மேன், பிறகுதான் தேடல் என்று கை பழகிவிட்டது. நகரத்தில் ஃபைபர் இணைப்போடு படித்த நண்பனுக்குப் பரீட்சை மேசையில் இதுதான் இடித்ததாம்.

காசு. கட்டணம் டொலரில். 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது, மே மாதமளவில் 360 ஐத் தொட்டது. நான் சேர்த்து வைத்த காசு அப்படியே இருந்தது, கட்டணம்தான் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. அம்மா பேசாமல் தன் சீட்டுக் காசை எடுத்துத் தந்தார். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத வரவில்லை.

வீட்டிலிருந்தும் எழுதலாம். அவர்கள் தரும் கோப்பை யூஎஸ்பியில் ஏற்றி அதிலிருந்து கணினியை எழுப்பி, வெளிக் கமெராவை வைத்து அறையைச் சுற்றிக் காட்டி, ஒருவர் எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருக்க எழுத வேண்டும். எங்கள் விறாந்தையில் இதை நடத்த எனக்குத் துணிவு வரவில்லை. கரண்ட் ஒருபக்கம், சிக்னல் ஒருபக்கம், கோழி ஒருபக்கம். கொழும்புக்குப் போவதென்று முடிவெடுத்தேன்.

இந்த இடைவெளியில் ஒரு விடயம் நடந்தது, அதன் பாரதூரம் அப்போது எனக்கு விளங்கவில்லை. 2023 பெப்ரவரியில் மின்கட்டணத்தைக் கூட்டினார்கள், அட்டவணை மின்வெட்டும் நின்றது. அதே நேரம் ஒரு கடையில் பகுதிநேர வேலை கிடைத்து, முதல் சம்பளங்களில் மடிக்கணினிக்குப் புதுப் பட்டறி போட்டேன். இனி நிம்மதியாகப் படிக்கலாம் என்று நினைத்தேன். நிம்மதியாகத்தான் படித்தேன். மெய்நிகர் இயந்திரங்கள் நாள்கணக்கில் அணையாமல் ஓடின.

ஆகஸ்டில் இரவு பஸ்ஸில் ஏறி, விடியக் கொழும்பில் இறங்கி, ஒரு தேநீர்க் கடையில் முகம் கழுவிவிட்டுப் பரீட்சைக்குப் போனேன். கேள்விகளை வெளியில் சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறோம், அதனால் என் பிழையை மட்டும் சொல்கிறேன். எல்லாம் தெரிந்த வேலைகள். ஒன்றொன்றாகச் செய்து முடித்தேன். கடைசி ஐந்து நிமிடம் இருக்கும்போது, ஒருதரம் மறுதொடக்கம் செய்து பார்ப்போமே என்று செய்தேன். ஒரு இயந்திரம் எழும்பவில்லை. எமர்ஜென்சி மோட் என்று வந்து நின்றது. எஃப்எஸ்டாப்பில் எக்ஸ்எஃப்எஸ் என்று எழுத வேண்டிய இடத்தில் எக்ஸ்எஸ்எஃப் என்று எழுதியிருந்தேன். இரண்டு எழுத்து இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். 'மவுன்ட்' கட்டளையோடு ஒரு எழுத்தைச் சேர்த்து அடித்திருந்தால் மறுதொடக்கம் செய்யாமலே அந்தப் பிழை தெரிந்திருக்கும். என்ன பிழை என்று கண்டுபிடிக்கவே நேரம் போய்விட்டது, திருத்த மிச்சமிருக்கவில்லை. எழும்பாத இயந்திரத்தில் செய்த நல்ல வேலை எதற்கும் புள்ளி கிடையாது. மூன்று வேலை நாளுக்குள் மின்னஞ்சல் வரும் என்றார்கள். அது வரும் முன்பே, புளியங்குளம் தாண்டும்போதே, எனக்கு முடிவு தெரியும். 210 க்குக் கிட்டவும் இல்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கணினியைத் தொடவில்லை. மூன்றாம் நாள் கொப்பியைப் புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது: மின்வெட்டு நின்ற மாதத்தோடு என் புள்ளிக் கணக்கும் நின்றிருந்தது. பத்துக்கு மூன்று, ஐந்து, எட்டு, ஒன்பது என்று ஏறி வந்த கணக்கு, பெப்ரவரிக்குப் பிறகு வெற்றுத்தாள். அதற்குப் பிறகு நான் எதையுமே சோதித்துப் பார்க்கவில்லை.

புதுப் பட்டறியைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தேன். அம்மாவிடம் போய், "உங்களுக்கு விருப்பமான நேரம் மெயின் சுவிட்சை நிப்பாட்டுங்கோ. எனக்குச் சொல்லாதேங்கோ" என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில், பரீட்சை கோட்டைவிட்டதில் பிள்ளைக்குத் தலையில் ஏதோ ஆகிவிட்டது என்ற கவலை நன்றாகத் தெரிந்தது. ஆனால் இரண்டே நாளில் பழகிவிட்டார். பழகியது மட்டுமில்லை, ருசி கண்டுவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டு வராவிட்டால் சுவிட்ச். கடைக்குப் போகச் சொல்லி அசையாவிட்டால் சுவிட்ச். ஒருமுறை நான் ஐந்து வேலையை அழகாக முடித்துவிட்டு, எழும்பி வந்து "இப்ப நிப்பாட்டுங்கோ" என்று கேட்டேன். "சொல்லாதேங்கோ எண்டு நீதானே சொன்னனீ" என்று போய்விட்டார். ஒரு மணித்தியாலம் கழித்து, வேறொரு வேலையின் நடுவில், டக்.

அதில் நான் கற்ற ஒழுங்கு இதுதான்: ஒரு வேலை, ஒரு சரிபார்ப்பு. மூன்று வேலைக்கு ஒருதரம் மறுதொடக்கம். கடைசிக்கு எதையும் வைப்பதில்லை.

2024 இல் மறுபடி கொழும்பு. இந்த முறை பரீட்சை முடிய முக்கால் மணித்தியாலம் இருக்கும்போதே இரண்டு இயந்திரத்தையும் மூன்று தரம் விழுத்தி எழுப்பிவிட்டேன். சித்தி. 2027 இல் காலாவதியாகும். புதுப்பிக்க மறுபடி இதையே எழுதலாம், அல்லது அடுத்த படியான ஆர்எச்சிஇ எழுதலாம். அது அன்சிபிள் என்ற கருவியை வைத்துப் பல இயந்திரங்களை ஒரே நேரத்தில் மேய்ப்பது. அதற்குத்தான் இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன். வேலை, கிளிநொச்சியில் இருந்தபடியே ஒரு நிறுவனத்தின் சேர்வர்களைப் பார்ப்பது. சான்றிதழைப் பார்த்து நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். வேலை தந்தது நேர்முகத்தில் ஒரு பழுதான இயந்திரத்தை முன்னால் வைத்த பிறகு.

சனிக்கிழமைகளில் ஊர்ப் பிள்ளைகள் நாலு பேர் விறாந்தைக்கு வருகிறார்கள். இரண்டு பேர் உயர்தரம் எழுதியவர்கள், ஒருத்தி வவுனியாப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம், ஒருவன் இன்னும் சாதாரண தரம்கூட எழுதவில்லை, அண்ணனோடு வந்து ஒட்டிக்கொண்டவன். காசு வாங்குவதில்லை. வரும்போது மடிக்கணினியின் பட்டறியைக் கழற்றி மேசையில் வைக்க வேண்டும், அது மட்டும் சட்டம். கழற்ற முடியாத பட்டறி உள்ளவர்களுக்காக ஒரு பழைய மேசைக் கணினி வைத்திருக்கிறேன்.

போன சனிக்கிழமை எஃப்எஸ்டாப் வேலை. நாலு பேரும் குனிந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். குசினியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, கண்ணால் என்னைக் கேட்டார். நான் தெரியாதது போல யன்னலைப் பார்த்தேன்.

டக்.

"ஐயோ அன்ரி!" என்று நாலு பேரும் ஒன்றாகக் கத்தினார்கள். அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்ச் சுவிட்சைப் போட்டார். நாலு திரையும் மெல்ல எழும்பின. இரண்டில் எமர்ஜென்சி மோட். ஒன்றில் எல்லாம் எழும்பி, வட்டுப் பகுதியை மட்டும் காணோம். சாதாரண தரம் எழுதாதவனின் திரையில் எல்லாம் இருந்தது. அவன் அதைக் கவனிக்காமல் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தான்.